கம்பஸ், பத்திரிகை வேலை, வெளிநாட்டுப் பயணம்: மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?

பொகவந்தலாவைப் பிள்ளை:

வணக்கம். பேராதனையில் கலைப்பீடம், இரண்டாம் வருடம். முதல் வருடப் புள்ளிகளை வைத்துச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். கொழும்பில் வரும் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு மலையகக் கட்டுரைகள் எழுதுகிறேன், பிரசுரமானால் கட்டுரைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை வரும்.

இப்போது இரண்டு வாய்ப்பு ஒன்றாக வந்து நிற்கிறது. ஒரு இணையச் செய்தித்தளம் கொழும்பில் மூன்று மாதம் முழுநேரப் பயிலுநராக வரச் சொல்கிறது. சென்னையில் இளம் ஊடகவியலாளர்களுக்கான ஒரு மாதப் பயிற்சிக்கும் பெயர் வந்திருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, விமான டிக்கெட் மட்டும் நம் பொறுப்பு. இரண்டுமே செமஸ்டர் நடுவில். விரிவுரைக்கு 80 வீத வரவு இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். வெளிநாடு என்றதுமே பயந்துவிட்டார். எங்கள் லயத்தில் (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்து வெளிநாடு போனவர்கள் எல்லாரும் குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள்தான், சித்தி பாதிச் சம்பளத்தைக்கூட வாங்க முடியாமல் திரும்பி வந்தார். அதனால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “முதலில் படிப்பை முடி” என்கிறார்கள் எல்லாரும். முடித்துவிட்டு வெளியே வரும்போது அனுபவம் எங்கே என்று கேட்பார்களே? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் செய்தியாளர்:

தங்கச்சி, கொழும்புக்கு முழுநேரமாக இப்போது போக வேண்டாம். வேலை கெட்டது என்று சொல்லவில்லை. அந்த நிறுவனத்துக்கு உங்களிடம் என்ன தேவை என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பில் உட்கார்ந்து அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய ஆள் நிறைய இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் இருந்து எழுத ஆள் இல்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்தபோது எத்தனை கெமரா வந்து இறங்கியது, கொஞ்ச நாளில் எத்தனை மிச்சம் இருந்தது என்று அந்த ஊர் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழையவே புடவை வியாபாரி போல வேடம் போட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை, நீங்கள் பிறந்ததே உள்ளேதான். ஆகவே அவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: செமஸ்டர் நடக்கும்போது பேராதனையில் இருந்தே மாதம் இத்தனை செய்தி தருகிறேன், விடுமுறையில் கொழும்புக்கு வந்து டெஸ்க்கில் (அலுவலகத்தில் செய்தியைத் திருத்தி வெளியிடும் பிரிவில்) இருக்கிறேன். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

விடுதி அறையில் இருந்தே செய்யக்கூடிய வேலையும் உண்டு. இந்த மாதம் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் சம்பளத் துண்டை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் காசு, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) என்று கழிவுகள் இறங்கிக்கொண்டே போகும். கிலோ குறைந்து அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாட்கள் எத்தனை என்று அம்மாவிடம் கேளுங்கள், அவர் நினைவில் வைத்திருப்பதும் துண்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஈ.பி.எப்.புக்கு தொழிலாளியிடம் 8 வீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். அந்தப் பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா? அரசுக்குச் சொந்தமான ஜனவசம தோட்டங்கள் என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்து சொல்ல வேண்டும். ஒரு கடிதம், ஒரு பதிவுத் தபால். இதற்கு எந்த விரிவுரையையும் விட வேண்டியதில்லை, இப்படி எழுதிய ஒரு கட்டுரை பயிலுநர் சான்றிதழை விடக் கனம்.

மாத்தளை வாசி:

மேலே அக்கா சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் சென்னையைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அடுத்த அணியில் சேர முடியுமா, விடுமுறையோடு பொருந்துமா என்று இன்றைக்கே மின்னஞ்சல் போடுங்கள். கேட்டால் இல்லை என்பார்கள், அவ்வளவுதானே.

இப்போதே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில்தான் அடி விழும், தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாத ஆள் பதிந்திருப்பார், ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருக்கும். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்தில் நாள் எடுக்கும்.

இன்னொன்று முக்கியம். சுற்றுலா விசாவில் போய் இந்தியாவில் செய்தி சேகரிக்கக் கூடாது, ஊடகவியலாளருக்குத் தனி விசா இருக்கிறது. பயிற்சிக்கு எந்த விசா என்று கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏற்பாட்டாளர் வாயால் சொல்வதை நம்பிப் போக வேண்டாம்.

போகும்போது ஒரு கேள்வியைக் கையில் எடுத்துப் போங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படிப் போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. உங்கள் தாத்தா பாட்டியின் தோட்டத்தில் இருந்தும் யாராவது போயிருப்பார்கள். முறையான அனுமதியோடு போய் அவர்களைப் பார்த்து எழுதினால் சென்னை வகுப்பறை தருவதை விட அதிகம் கிடைக்கும். அம்மாவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், சொந்தக்காரர் இருக்கும் இடம் என்றால் பயம் கொஞ்சம் குறையும்.

கலைப்பீடம் நான்காம் வருடம்:

வரவு பற்றி ஒன்று. எதற்குப் போனாலும் துறைத் தலைவரிடம் போவதற்கு முன்பே கடிதம் கொடுத்துப் பேசுங்கள், அழைப்புக் கடிதத்தின் பிரதியையும் இணையுங்கள். போய்விட்டு வந்து கேட்டால் யாரும் கைகொடுக்க முடியாது. பொய் மெடிக்கல் போடுங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள், செய்தியாளராக வரப்போகிற ஒருவர் அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிறப்புப் பட்டம் கிடைத்திருக்கிறது, பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்போ வாங்கும் வாய்ப்பும் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஹட்டன் அக்காவோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். டெஸ்க் வேலை பழகாமல் வெளியில் இருந்தே எழுதிக்கொண்டிருந்தால் நம்மைக் கடைசி வரை பிராந்தியச் செய்தியாளராகவே வைத்திருப்பார்கள், ஆசிரியர் குழுவுக்குள் எடுக்கவே மாட்டார்கள். தலைப்பு போடுவது, அவதூறு வராமல் எழுதுவது, சிங்களத்தில் வரும் அறிக்கையை உடனே புரிந்துகொள்வது எல்லாம் அங்கேதான் படியும். ஆகவே நீண்ட விடுமுறை ஒன்றையாவது முழுக்கக் கொழும்பில் கழியுங்கள். பட்டம் முடிந்த பிறகு இலங்கை இதழியல் கல்லூரியின் டிப்ளோமாவையும் யோசியுங்கள், தமிழிலும் படிக்கலாம். சிங்களத்தை மட்டும் இன்றைக்கே ஆரம்பியுங்கள், கம்பஸில் பக்கத்து அறையிலேயே சொல்லித்தர ஆள் இருப்பார்.

வெளிநாட்டு மேற்படிப்பு ஆசை இருந்தால் செய்த வேலைக்கெல்லாம் கடிதம் வாங்கி வையுங்கள், திகதியும் மணிநேரமும் போட்டு. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறது. எந்த வேலையைக் கணக்கில் எடுப்பார்கள் என்பதை விண்ணப்பிக்கிற வருட விதிகளில் பார்க்க வேண்டும், ஆனால் கடிதம் இல்லாத வேலையை எங்கேயும் காட்ட முடியாது.

பொகவந்தலாவைப் பிள்ளை:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. கொழும்பு ஆட்களுக்கு விடுமுறையில் வருகிறேன் என்று எழுதிவிட்டேன், சென்னைக்கும் அடுத்த அணி பற்றிக் கேட்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் இருக்கிறது, திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். அக்கா, எங்கள் தோட்டம் கம்பனித் தோட்டம். அதற்கும் தகவல் கேட்டு எழுதலாமா? தமிழில் எழுதினால் ஏற்பார்களா?

ஹட்டன் செய்தியாளர்:

தமிழில் தாராளமாக எழுதலாம். தனியார் கம்பனியிடம் நேரடியாகக் கேட்பது கஷ்டம், அதனால் தொழில் திணைக்களத்திடம் கேளுங்கள்: இந்தத் தோட்டத்தில் ஈ.பி.எப். நிலுவை பற்றி முறைப்பாடு வந்திருக்கிறதா, வந்திருந்தால் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று. கேள்வியைச் சின்னதாக, வருடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். அனுப்பும் முன் கடிதத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவின் பெயரும் அங்கத்தவர் இலக்கமும் அதில் வர வேண்டாம்.