சிவிக் ஈகே3: வளைவுல முன்பக்கம் வெளியால தள்ளுது, பிரேக்ல பின்பக்கம் நெளியுது. எந்தப் பார் மாத்துற?

வாவிக்கரை:
அண்ணன்மார், வண்டி ஹொண்டா சிவிக் ஈகே3, மனுவல். டயர் 195/55 ஆர்15, புதுசு. ஒன்றரை இஞ்சி இறக்குற ஸ்பிரிங் போட்டிருக்கு, ஷொக் நாலும் பழைய கொம்பனி ஷொக்தான். பின்னுக்கு ஸ்டெபிலைசர் பார் (வளைவுல வண்டி சரியாமப் பிடிக்கிற முறுக்குக் கம்பி) இல்லாத மொடல்.

மட்டக்களப்புக்குள்ள ஓடக்குள்ள ஒண்டும் தெரியாது. மஹியங்கனை பதினெட்டு வளைவில ஏறக்குள்ள ஸ்டியரிங்க வெட்ட வெட்ட மூக்கு வெளியால போகுது. இறங்கக்குள்ள பிரேக் பிடிச்சா பின்பக்கம் நெளியுது. முன்னுக்குத் தடிச்ச பார் போடச் சொல்லி ஒரு கராஜ்ல சொல்றாங்க. இன்னொருத்தர் இன்டெக்ரா டைப் ஆர்ட 22 மில்லிமீற்றர் பின்பாரப் போடு எங்கிறார். எது சரி?

ஸ்பானர்_கல்முனை:
தம்பி, முன்பாரத் தடிப்பாக்கினா மூக்கு இன்னும் வெளியாலதான் போகும். முன்னுக்கோ பின்னுக்கோ பாரத் தடிப்பாக்கினா உடம்பு சரியுறது குறையும், ஆனா வளைவுல அந்த முனையின்ட வெளி டயருக்குக் கூடப் பாரம் ஏறும், அது பிடிய விடும். முன்சில்லு இழுக்கிற வண்டிக்கு முன்பாரில கை வைக்காதீங்க.

நீங்க சொன்னதில ரெண்டு வருத்தம் இருக்கு, ஒண்டாக் குழப்ப வேண்டாம். பிரேக்ல பின்பக்கம் நெளியுறது பாரால வாறது இல்ல. ஈகேல அதுக்கு முதல் சந்தேகம் பின் ட்ரெய்லிங் ஆம்ட (பின்சில்லப் பிடிக்கிற நீட்டுக் கை) பெரிய புஷ், அதாவது மூட்டில இருக்கிற றப்பர் உருளை. வண்டிய ரேம்ப்ல ஏத்தி, ஆம்ட முன்நுனியில பாருங்க: றப்பர் பிறை மாதிரி வெடிச்சிருக்கும். ஒரு நீட்டுக் கம்பியால நெம்பினா வெடிப்பு வாய் திறக்கும். அது கிழிஞ்சா பிரேக் பிடிக்கக்குள்ள அந்தச் சில்லு முன்பின் நகர்ந்து டோ (மேலயிருந்து பாக்கக்குள்ள சில்லு உள்ளுக்கோ வெளியாலயோ திரும்பி நிக்கிற அளவு) மாறும், பின்பக்கம் தன் பாட்டுக்குத் திரும்பும். பின்டயர் உள்விளிம்பு மட்டும் தேயுதா எண்டும் பாருங்க.

அங்க பொலியுரிதேன் புஷ் போட்டுடாதீங்க. அந்த ஆம் மேலகீழ மட்டும் ஆடுறது இல்ல, கொஞ்சம் முறுகவும் வேணும். கடும் புஷ் அத இறுக்கிப் பிடிக்கும். புது றப்பர் புஷ்தான். பழசக் கழட்ட முதல் நடுத்தகட்டுக் கோணத்த ஆம்ல பெயின்ட்டால கோடு போட்டுக் குறிச்சு வச்சு, புதுச அதே கோணத்தில ப்ரெஸ் பண்ணச் சொல்லுங்க. கோணம் பிழைச்சா றப்பர் எப்பவும் முறுகி நிண்டு சீக்கிரம் கிழியும்.

கல்லோயா:
மூக்கு தள்ளுறதுக்கு நான் சந்தேகப்படுறது பம்ப் ஸ்டொப்பர, அதாவது ஷொக் முழுக்க அமுங்கக்குள்ள முட்டுற றப்பர்த் துண்ட. ஒன்றரை இஞ்சி எண்டா 38 மில்லிமீற்றர். கொம்பனி ஷொக்ல அவ்வளவு இறக்கினா வளைவுல வெளிச்சில்லு ஸ்டொப்பரில போய்க் குந்தும். அந்த நேரம் ஸ்பிரிங் திடீரெண்டு பல மடங்கு கடுமையான மாதிரி, முன்டயர் பிடிய விட்டுடும்.

பாக்கிறது லேசு. முன் ஷொக்ட தூசுக் கவர மேல தூக்கிட்டு, தண்டில சின்னக் கேபிள் டை ஒண்டு இறுக்கி, ஷொக் உடம்போட ஒட்டக் கீழ தள்ளி விடுங்க. ஓடிட்டு வந்து பாருங்க. ஷொக் மேல வந்த உயரத்தில டை நிக்கும். ஸ்டொப்பரில முட்டி நிண்டா விடை அதுதான்.

சோதிக்கப் பதினெட்டு வளைவு வேண்டாம், அது ரோட்டு. காய்ஞ்ச வெறுந்தரையில 15 மீற்றர் ஆரை வட்டம் கோடு கீறி, 25, 30, 33 கிலோமீற்றர் வேகத்தில கால மாத்தாமச் சுத்துங்க. வேகம் கூடக்கூட ஸ்டியரிங்க இன்னும் வெட்ட வேண்டி வந்தா மூக்குத் தள்ளல். காத்து நாலு சில்லுக்கும் 32 பிஎஸ்ஐ, குளிர்ந்த டயரில. டயர் தோளில சோக் பூசி விட்டா டயர் பக்கவாட்டில எவ்வளவு மடியுது எண்டும் தெரியும். (நெல்லுக் காயப்போட்ட ரோட்டுல எவனும் இதச் செய்யக் கூடாது, மணி உருண்டா டயர் வழுக்கும்.)

22 பார் பற்றி: பார்ட விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில ஏறும். சின்ன 13 மில்லிமீற்றர் பின்பாரோட பாத்தா 22 எட்டு மடங்கு. 16 கூட ரெண்டு மடங்குக்கு மேல. ஈகேட பின் சப்ஃப்ரேம் (பார் பூட்டுற அடிச்சட்டம்) மெல்லிய தகடு, அந்த 22ஐ வெறுமையாப் பூட்டினா பிடிமானம் கிழியும். போட்டா கட்டாயம் வலுவூட்டும் பிரேஸ் வேணும். கீழ் ஆம்லயும் லிங்க் (பாரையும் ஆம்மையும் இணைக்கிற குட்டிக் கம்பி) பூட்ட ஓட்டை இருக்கிற வகையா இருக்க வேணும், உங்கடதில இருக்காது.

வாவிக்கரை:
பார்த்தன். முன்னுக்கு ரெண்டு டையும் ஸ்டொப்பரில. பின்இடப்பக்க புஷ் கிழிஞ்சு. அலைன்மென்ட்ல பின்இடப்பக்க டோ 3 மில்லிமீற்றர் வெளிய காட்டுது. இப்ப புஷ், ஸ்பிரிங் ரெண்டயும் மாத்திட்டு 16 பாரும் சேத்துப் போடட்டா?

ஸ்பானர்_கல்முனை:
ஒண்டொண்டா. முதல் புஷ் ரெண்டு பக்கமும். ஸ்பிரிங் ஒரு இஞ்சிக்குள்ள இறக்குறதா மாத்துங்க. இல்லாட்டி இறக்கின வண்டிக்கெண்டே வாற குட்டை ஷொக் வேணும். ஸ்டொப்பர வெட்டி எறியுற வேல வேண்டாம், ஷொக் உள்ளுக்க அடிபட்டுக் கசியும். கீழ் ஆம் போல்ட்ட வண்டி சில்லில நிக்கக்குள்ளதான் கடைசி இறுக்கு இறுக்க வேணும். தூக்கி வச்சு இறுக்கினா புஷ் முறுகி நிக்கும்.

மறுகா அலைன்மென்ட்: டிரைவர் சீட்டில 70 கிலோ, அரைத் தாங்கி எண்ணெய். முன் டோ பூச்சியம், பின் டோ ரெண்டு பக்கமும் சேத்து 2 மில்லிமீற்றர் உள்ளுக்கு. திரும்ப வட்டத்தில சுத்துங்க.

கல்லோயா:
அதுக்குப் பிறகும் தள்ளினா 13 பின்பார், கீழ் ஆம்மோட சேத்து. லிங்க் ரெண்டயும் வண்டி தரையில நிக்கக்குள்ள பூட்டுங்க, இல்லாட்டி பார் முறுகியபடி நிண்டு இடமும் வலமும் வேற மாதிரித் திரும்பும். பாரப் பிடிக்கிற டி புஷ் பொலியுரிதேன் எண்டா சிலிக்கன் கிறீஸ். றப்பருக்குச் சாதாரண கிறீஸ் படவே கூடாது, ஊதிப் போகும். கல்லடிப் பக்கம் மணலும் உப்புக்காத்தும் புஷ்ஷுக்குள்ள போகும், கிளாம்ப் போல்ட்டும் துருப்பிடிக்கும். வருசத்துக்கு ஒருக்காக் கழட்டித் துடைங்க.

16க்கு நான் அவசரப்பட மாட்டன். பின்பக்கம் விறைச்ச வண்டி காய்ஞ்ச ரோட்டில சோக்கா வெட்டும். மார்கழி மழையில வளைவு நடுவில அக்ஸிலேட்டர விட்டா பின்பக்கம் சுத்தி முன்னுக்கு வரும்.