மொஸ்கிட்டோ 1.6-லிருந்து 2.0-க்கு: குலைக் கணக்கு போன்களை எப்படி மாற்றுவது?

சுங்கைமணி (சுங்கை சிப்புட்)
வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) குலைக் கணக்கைப் போனில் போடுகிறார்கள். 60 போன், ஆண்ட்ராய்டு 6 முதல் 12 வரை கலவை. ஆபீஸ் சர்வரில் உபுண்டு 20.04, மொஸ்கிட்டோ 1.6.9; போன்கள் எம்க்யூடிடி நெறிமுறையில் அனுப்பும் செய்தியை வாங்கிச் சேர்க்கும் புரோக்கர் அதுதான். ஆப் யூசர்நேம், பாஸ்வர்டு எதுவும் இல்லாமல் 1883 போர்ட்டில் வருகிறது. கியூஓஎஸ் (செய்தி சேரும் உறுதி அளவு) 1, கிளீன் செஷன் ஃபால்ஸ் (லைன் அறுந்தாலும் புரோக்கர் செஷனை வைத்திருக்கும்). புரோக்கர் முகவரி டொமைன் பெயரில்தான் இருக்கிறது.

உபுண்டு 22.04 போட்ட புது சர்வரில் 2.0.11 ஏற்றியாகிவிட்டது. சர்வருக்குள்ளிருந்து அனுப்பினால் போகிறது, போன் ஒன்றுகூட ஒட்டவில்லை. உள் பிளாக்கில் லைன் கிடையாது, சாயங்காலம் ரோட்டுக்கு வந்தால்தான் கணக்கு ஏறும். அறுவடைக் கூலி இதை வைத்துத்தான், ஒரு குலையும் தொலையக் கூடாது. எங்கே தொடங்குவது?

கேபிள்காரன்
லாக்கைத் திறந்து பாருங்கள், 'ஸ்டார்ட்டிங் இன் லோக்கல் ஒன்லி மோட்' என்று ஒரு வரி இருக்கும். 2.0-ல் கான்ஃபிக்கில் லிஸனர் வரி (எந்தப் போர்ட்டில் கேட்பது என்று சொல்வது) இல்லையென்றால் புரோக்கர் அந்த மெஷினுக்கு மட்டும்தான் கதவு திறக்கும். 'லிஸனர் 1883' என்று எழுதியதும் அது தீரும், உடனே அடுத்தது வரும்: அலவ் அனானிமஸ் (யூசர்நேம் இல்லாமல் உள்ளே விடுவது) இப்போது ஃபால்ஸ். யூசர்நேம் இல்லாத உங்கள் போன்களுக்கு ரிட்டர்ன் கோட் 5, அதாவது அனுமதி இல்லை.

வெளி 1883-ஐ எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ட்ரூ போட்டுத் திறந்து வைப்பதே வழி என்று சிலர் சொல்வார்கள். செய்ய வேண்டாம். பெர் லிஸனர் செட்டிங்ஸ் ட்ரூ என்பதை மற்ற எல்லா பாதுகாப்பு வரிகளுக்கும் மேலே வையுங்கள், கீழே போட்டால் புரோக்கர் எரர் கொடுத்து நிற்கும். பிறகு இரண்டு லிஸனர்: 8883-ல் டிஎல்எஸ் (மறையாக்கம்), பாஸ்வர்டு; 1883-ல் பழைய ஆப்புக்கு மட்டும் அனானிமஸ் ட்ரூ, கூடவே ஏசிஎல் ஃபைல் (யார் எந்த டாபிக்கில், அதாவது செய்தித் தலைப்பில், எழுதலாம், படிக்கலாம் என்ற பட்டியல்). அந்த ஃபைலில் யூசர் வரி எதற்கும் முன்னால் குலைக் கணக்கு டாபிக்குக்கு எழுதும் உரிமையும், ஆப் எதையாவது கேட்டு வாங்கினால் அந்த டாபிக்குக்குப் படிக்கும் உரிமையும் கொடுங்கள். எல்லா போனிலும் புது ஆப் ஏறியதும் 1883-ஐ மூடிவிடலாம்.

ஈயக்குட்டை
டிஎல்எஸ் பக்கம் இரண்டு கண்ணி.

டிஎல்எஸ்ஸுக்கு லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழை எடுத்தால், அதன் சாவி ரூட்டுக்கு மட்டும் திறக்கும் ஃபோல்டரில் இருக்கும். 2.0 சான்றிதழைப் படிக்கும் முன்பே மொஸ்கிட்டோ யூசராக இறங்கிவிடும், அதனால் பெர்மிஷன் டினைட். ஃபோல்டரைத் திறந்துவிடாதீர்கள். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் ஓடும் இடம்) ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும்: சங்கிலியையும் சாவியையும் மொஸ்கிட்டோவின் செர்ட்ஸ் ஃபோல்டருக்கு நகலெடு, உரிமையாளரை மொஸ்கிட்டோ ஆக்கு, 600 பெர்மிஷன், பிறகு ஹப் சிக்னல் (சான்றிதழை மீண்டும் படி என்று புரோக்கருக்குச் சொல்வது).

அடுத்தது ஆண்ட்ராய்டு 6. லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட் சான்றிதழான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 அதன் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை; 7.1.1-லிருந்துதான் இருக்கிறது. ரூட் சான்றிதழை ஆப்புக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள். போன் செட்டிங்கில் கையால் ஏற்றுவதை நம்ப வேண்டாம், ஆண்ட்ராய்டு 7 முதல் ஆப்கள் அதை இயல்பாக மதிப்பதில்லை.

சுங்கைமணி
லோக்கல் ஒன்லிதான் அண்ணே, லிஸனர் போட்டு 1883-ல் அனானிமஸ் ட்ரூ கொடுத்ததும் ஒட்டியது. ஆப்பை எப்படியும் திருத்தப் போகிறோம். எம்க்யூடிடி 5-க்கும் ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

குலைக்கணக்கு
வேண்டாம் தம்பி. 5 என்பது புரோக்கர் 2.0-வோடு வந்ததல்ல, உங்கள் 1.6-லேயே உண்டு. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உடைந்தது என்று தேடியே நாள் போகும். பெரிய ஆபத்து வேறு: 5-ல் கிளீன் செஷன் இல்லை, கிளீன் ஸ்டார்ட் மட்டும். செஷன் எக்ஸ்பைரி இன்டர்வல் (லைன் போன பிறகு செஷனை எவ்வளவு நேரம் வைப்பது) கொடுக்காவிட்டால் அது 0. போன் லைனை விட்ட கணமே சந்தாவும், அதற்காகப் புரோக்கர் வைத்திருந்த செய்திகளும் அழியும். பிளாக்குக்குள் அரை நாள் லைன் இல்லாத போனுக்கு இது நேரடி இழப்பு. பின்னால் மாறும்போது 604800 விநாடி, அதாவது ஒரு வாரம் கொடுங்கள்.

இப்போதைய மாற்றத்துக்கு வருவோம். டிஎன்எஸ் டிடிஎல்லை (டொமைனின் முகவரியை மற்றவர்கள் நினைவில் வைக்கும் நேரம்) முந்தின நாளே 300 விநாடி ஆக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய புரோக்கரை நிறுத்தி, நிறுத்திய பிறகே மொஸ்கிட்டோ டாட் டிபி ஃபைலைப் புது சர்வருக்கு நகலெடுங்கள். செஷனும் ரிட்டெய்ன் செய்திகளும் (டாபிக்கில் புரோக்கர் கடைசியாக வைத்திருப்பவை) அதோடு வரும். அசலைத் தனியாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் 2.0 எழுதிய டிபியை 1.6 படிக்காது. பாஸ்வர்டு ஃபைலும் அப்படியே: பழைய ஹாஷை (மறைத்து எழுதிய பாஸ்வர்டை) 2.0 ஏற்கும், 2.0-ல் உருவாக்கியதை 1.6 ஏற்காது. பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழையதை ஓடவிட்டு டிஎன்எஸ்ஸை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே ஒட்டியிருக்கும் போன் அறும்வரை அங்கேயே கிடக்கும்.

புது ஆப்பில் கிளையன்ட் ஐடியை மாற்றாதீர்கள், மாற்றினால் பழைய செஷன் அநாதையாகிவிடும். ஒரே ஐடியை இரண்டு போனில் போட்டாலோ ஒன்று மற்றதைத் தள்ளிவிட்டு நாள் முழுக்க ஏறி இறங்கும்.

கடைசியாக, கியூஓஎஸ் 1 என்றால் குறைந்தது ஒரு தடவை. இரண்டாகவும் வரலாம். ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஓர் எண் கொடுத்து, டேட்டாபேஸில் அதை யூனிக் ஆக்கிவிடுங்கள். புரோக்கர் ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரும்வரை போன் அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. மெமரியில் வைத்தால் ஆப்பை மூடியதும் போய்விடும், ஃபைலில் வைக்க வேண்டும்.

சுங்கைமணி
பதிவு எண் இல்லை, இப்போதே சேர்க்கச் சொல்கிறேன். நன்றி அண்ணே.

கேபிள்காரன்
நகலெடுத்த டிபி ஃபைலின் உரிமையாளரையும் மொஸ்கிட்டோ ஆக்க மறக்காதீர்கள்.