பாலிஃபில்லுக்குப் "பட்டிப்பூச்சு" சரிவருமா?

நண்பர்களே, வணக்கம்.

உலாவியில் (பிரவுசரில்) இல்லாத ஒரு வசதியை நாமே நிரல் எழுதிச் சேர்த்து ஈடுகட்டுவதுதான் பாலிஃபில். அதற்குத் தமிழில் "பன்னிரப்பி" என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். இலக்கணப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை, பல் + நூல் பன்னூல் ஆவது போலத்தான். ஆனால் முதல் தடவை படிக்கிறவர் கண் "பன்னிரண்டு" என்று படித்துவிட்டுத் திரும்பி வரும், பிரித்துப் பார்த்தாலோ பல்லில் அடைக்கிற சிமெண்ட்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல், இதை வினையாகப் புழங்க முடியாது. நிரல் எழுதுகிறவர்கள் "இதை பாலிஃபில் பண்ணியாச்சா?" என்றுதான் நாள் முழுக்கக் கேட்டுக்கொள்கிறோம். அந்த வாக்கியத்தில் பொருந்தாத சொல்லை அகராதியில் வைக்கலாம், யார் வாயிலும் வராது.

அந்த ஆங்கிலச் சொல் பிறந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். ரெமி ஷார்ப் என்ற நிரலாளர் 2009இல், வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்5 பற்றிய ஒரு புத்தகத்துக்காக உருவாக்கிய சொல் அது. "பாலி" என்று அவர் வைத்ததற்குக் காரணம், உலாவியில் உள்ள ஓட்டையை அடைக்க, அதில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மட்டும்தான் என்றில்லை, எந்த வழியிலும் அடைக்கலாம் என்பது. கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: பிரிட்டனில் சுவர் விரிசலை அடைக்கிற பசைக்கு பாலிஃபில்லா என்று பெயர். விரிசலை அடைத்து, தேய்த்து, மேலே வண்ணம் அடித்துவிட்டால் சுவர் எது, பசை எது என்று தெரியாது.

இந்த வேலைக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? பெயிண்டர் முதல்நாள் வந்து செய்வது பட்டி பார்ப்பதுதானே! அதனால் என் பரிந்துரை "பட்டிப்பூச்சு", வினை "பட்டி பூசு".

உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, வேலையின் நுணுக்கமும் இதில் பிடிபடுகிறது. ஒரு நேரங்காட்டி எழுதியிருந்தேன். நிமிடம் ஒற்றை இலக்கமாக வந்தால் 9:5 என்று காட்டாமல் 09:05 என்று காட்ட வேண்டும், அதற்கு, முன்னால் சுழியம் சேர்த்துத் தரும் பேட்ஸ்டார்ட் என்ற செயற்கூறைப் (ஃபங்ஷனை) போட்டேன். ஜாவாஸ்கிரிப்டின் 2017 சீர்தரத்தில் வந்தது. என் கணினியில் அருமையாக ஓடியது. ஒரு பயனரின் பழைய உலாவியில் அப்படி ஒரு செயற்கூறே கிடையாது, அந்த வரியிலேயே பிழை, அதற்குக் கீழே இருந்த எதுவும் ஓடவில்லை, அவர் பார்த்தது வெற்றுப் பெட்டி. தீர்வு சில வரிதான்: சரத்துக்கு (ஸ்டிரிங், அதாவது எழுத்துத் தொடருக்கு) பேட்ஸ்டார்ட் இருக்கிறதா என்று முதலில் கேள், இல்லாவிட்டால் மட்டும் அதே பெயரில், அதே உள்ளீட்டுக்கு அதே விடை தருகிற ஒன்றைச் சேர். என் நேரங்காட்டி நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த உலாவியில் உண்மையான செயற்கூறு, எதில் பூசியது என்று அதற்குத் தெரியவே தெரியாது. பட்டி என்றால் இதுதான்.

"ஒட்டு" போதாதா என்று கேட்டவருக்கு: ஒட்டு என்பதை நம் நிரலில் உள்ள பழுதை அடைக்கும் பேட்சுக்கு ஏற்கெனவே புழங்குகிறோம். இங்கே பழுது நம் நிரலில் இல்லை, உலாவியில் ஒன்று குறைகிறது. இடையில் செருகும் நிரலான ஷிம் என்பதும் வேறு. அது பெரும்பாலும் தனக்கென்று ஒரு இடைமுகத்தோடு வரும், அதைப் பயன்படுத்த நம் நிரலை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு "முட்டு" என்று வைக்கலாம், மேசைக்காலுக்கு முட்டுக் கொடுப்பது போல, வெளியே தெரியும்.

சீர்தரத்தில் இல்லாததைத் தன் விருப்பத்துக்கு உலாவியின் மேல் ஏற்றுவதையும் பட்டி என்று சொல்லக் கூடாது, இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூடூல்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அணிகளுக்கு (அரேக்களுக்கு) ஃபிளாட்டன் என்று ஒரு செயற்கூறைத் தானாகச் சேர்த்திருந்தது. பின்னால் அதே பெயரைச் சீர்தரத்தில் கொண்டுவரப் பார்த்தபோது அந்த நூலகத்தை நம்பிய பழைய பக்கங்கள் உடையும் என்று தெரியவந்து, 2018இல் பெரிய விவாதமாகி, கடைசியில் ஃபிளாட் என்ற பெயரில்தான் அது வந்தது.

மறுப்பு ஒன்று நானே சொல்லிவிடுகிறேன். மெனுவுக்குப் "பட்டி" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் வெறும் பட்டி வேண்டாம் என்கிறேன். "பட்டிப்பூச்சு" என்றால் குழப்பம் வராது.

அப்புறம், கூடவே வந்த மற்ற சொற்கள். பல உலாவிகளிலும் ஓடுவது என்று பொருள்படும் கிராஸ்-பிரவுசருக்குக் "குறுக்குலாவி" வேண்டவே வேண்டாம், குறுக்குவழியில் போகிற உலாவி மாதிரி இருக்கிறது. "பல்லுலாவி" எனக்குச் சம்மதம். உலாவி தன் பெயரையும் பதிப்பெண்ணையும் சொல்லும் யூசர் ஏஜென்ட் சரத்தைப் படித்து இது இன்ன உலாவி என்று ஊகிப்பதற்கு "உலாவி மோப்பம்", நேராக வசதி இருக்கிறதா என்று கேட்பதற்கு "வசதியறிதல்". மோப்பம் என்ற சொல்லிலேயே அது நம்பத்தக்கதல்ல என்பது தொனிப்பது நல்லதுதான். ஆப்பெரா 10 வந்தபோது, பல தளங்களின் நிரல்கள் பதிப்பெண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பதிப்பு 1 என்று நினைத்தன. வேறு வழியில்லாமல் அந்த உலாவி அந்த இடத்தில் 9.80 என்றே சொல்லிக்கொண்டது, உண்மையான எண்ணைச் சரத்தின் கடைசியில் போட்டது. குரோமின் சரத்தைத் திறந்து பாருங்கள், மொசில்லா, சஃபாரி எல்லாப் பெயரும் உள்ளே இருக்கும்.

சரி, ஆவணத்தில் வைத்துப் பார்த்த வாக்கியங்கள் கீழே. வாய்விட்டுப் படித்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

"உலாவி மோப்பத்தை நம்பாமல் வசதியறிதலைப் பயன்படுத்தவும்."

"பேட்ஸ்டார்ட் இல்லாத உலாவிகளுக்குப் பட்டி பூசவும்."

"இந்தப் பட்டிப்பூச்சு இனித் தேவையில்லை, நீக்கிவிடலாம்."