பொருள்: கிரவுட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (திங்கள் காலை அச்சு)

இராமநாதபுரத்திலிருந்து, வியாழன் இரவு

அன்புடையீர்,

டைல்ஸ் பதிக்கும் வேலை கற்கும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையலறை, குளியலறை இரண்டுக்கும் மட்டும், 32 பக்கம். திங்கள் காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, வாட்டம் என்று கொத்தனார்கள் புழங்கும் சொற்களை வைத்தே பதினாறு பக்கம் ஓட்டிவிட்டேன். பதினேழாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். டைல்ஸுக்கு நடுவே விடும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்தில் தேய்த்து நிரப்புகிறோமே, அந்தக் கிரவுட்டுக்குத் தமிழில் என்ன?

சென்ற ஆண்டு வகுப்புக் குறிப்பில் 'இணைப்பு இடைவெளி நிரப்பி' என்று எழுதியிருந்தேன். ஒரு பையன் அதைச் சுருக்கி, கடையில் போய் 'நிரப்பி' கேட்டிருக்கிறான். கடைக்காரர் சுவருக்குப் பூசும் பட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவனும் தன் அத்தை வீட்டுக் குளியலறையில், ஷவருக்கு நேர் கீழே, அதைச் சிரத்தையாகத் தேய்த்திருக்கிறான். பத்து நாளில் ஊறிக் குழைந்து வடிகாலோடு போயிற்று. அத்தை அவனைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார்.

ஆகவே இரண்டே நிபந்தனைகள். சித்தாள் வாயில் வர வேண்டும். கடையில் கேட்டால் சரியான பொருள் கிடைக்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து, வெள்ளி காலை

சந்துக்கு வருமுன் 'டைல்ஸ்' என்பதைத் தீர்த்துவிடுவோம். அது ஆங்கிலத்திலேயே பன்மை. அதன்மேல் 'கள்' ஏற்றி 'டைல்ஸ்கள்' என்று எழுதுகிறவர்களை நான் மன்னித்ததில்லை. மொட்டைமாடியில் தட்டோடு பதித்த காலத்தில் யாரும் ஆங்கிலத்திடம் கையேந்தவில்லை. அதே வழியில் தரையில் பதிப்பது தரையோடு, சுவரில் பதிப்பது சுவரோடு. தீர்ந்தது.

கிரவுட்டுக்கு என் பரிந்துரை 'புரைதீர்சாந்து'. நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவைப் பாடுமிடத்தில் 'கைவல் கம்மியன் முடுக்கலின் புரை தீர்ந்து' என்று வருகிறது. புரை என்றால் இடைவெளி, உட்டுளை. கைத்திறன் மிக்க தச்சன் இறுக்கியதில் இடுக்கே தெரியாமல் பொருந்திய கதவு அது. டைல்ஸைத் தட்டிப் பார்த்து உள்ளே காலியாகச் சத்தம் வந்தால் அதையும் 'புரை' என்றே சொல்லலாம். ஒரே வேரில் இரண்டு சொற்கள்.

மண்டபத்திலிருந்து, வெள்ளி நண்பகல்

தேவிபட்டினம் அண்ணனுக்கு வணக்கம். கையேட்டில் 'சுவரோடு பதிக்கவும்' என்று வந்தால் பிள்ளைகள் 'எதைச் சுவரோடு பதிக்க?' என்று கேட்க மாட்டார்களா? மூன்றாம் வேற்றுமை உருபு வாசலிலேயே காத்து நிற்கிறது. 'தரையோடு ஒட்டவில்லை' என்றால் எது எதோடு ஒட்டவில்லை? தட்டோடு தப்பித்தது; எல்லாச் சொல்லும் தட்டோடு ஆகிவிடாது.

கிரவுட் பற்றி என்னிடம் இருப்பது வீட்டுக் கதைதான். எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். ஆழ்துளைக் கிணற்றில் உவர்நீர். கட்டும்போது கொத்தனார் அந்தத் தண்ணீரிலேயே கிரவுட்டைக் குழைத்துவிட்டார். மூன்று மாதத்தில் சந்து முழுக்க வெள்ளையாகப் பூத்தது. நகத்தால் கீறினால் அரிசிமாவு போல் உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. பிறகு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிற காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து மறுபடி போட்டோம். குடிக்கிற தண்ணீரைச் சுவருக்கு ஊற்றுகிறாளே என்று மாமியார் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாம் முறை வந்த கொத்தனார் அதைப் 'பால்' என்றார். 'இன்றைக்குப் பால் போட்டால் நாளைவரை தண்ணீர் படக் கூடாது, அக்கா.' சிமெண்ட் பால். ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்?

தொண்டிக்காரன், இப்போது ஷார்ஜாவிலிருந்து, வெள்ளி மாலை

அக்கா, பால் கூடவே கூடாது. நான் கட்டடப் பொறியாளன் என்பதால் பிடிவாதமாகச் சொல்கிறேன். பால் என்பது ஊற்றுவது, அல்லது அழுத்தத்தில் செலுத்துவது. முல்லைப் பெரியாறு அணை 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளுமாக எழும்பியது. 1930களில் அதற்குள் துளையிட்டுச் சிமெண்ட் கரைசலைச் செலுத்தினார்களே, அதற்குப் பால் என்ற சொல் பொருந்தும். ஆங்கிலத்தில் அதுவும் கிரவுட்தான். சமையலறைச் சந்தில் போடுவது பற்பசைப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், நிறம் திட்டுத்திட்டாகும். 'பால்' என்று அச்சடித்தால் பிள்ளைகள் அந்தச் சொல்லை நம்பித் தண்ணீரைக் கூட்டுவார்கள். பையன் 'நிரப்பி' என்ற சொல்லை நம்பித்தானே பட்டியை வாங்கினான்?

இன்னொரு சிக்கல். சந்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் மணல் சேர்ந்த வகை; அதற்குக் குறைந்தால் மணல் சேராத வகை. எப்பாக்ஸி வகையில் சிமெண்டே கிடையாது: பிசின் ஒரு டப்பா, கெட்டிப்படுத்துவது ஒரு டப்பா, பொடி ஒரு பொட்டலம். மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

வேர் ஆராய்ச்சி எனக்கு வராது. ஆனாலும் ஒன்று: ஆங்கிலத்தில் கிரவுட் என்ற சொல் கொரகொரப்பாய் உடைத்த மாவைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் நொய்க்கஞ்சியைச் சந்தில் ஊற்றியிருக்கிறார்கள். நாம் 'கூழ்ச்சாந்து' என்றால் என்ன குறை?

கீழக்கரையிலிருந்து, வெள்ளி இரவு

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

அரண்மனைக் கதவு, அணைக்கட்டு, கஞ்சிப் பானை எல்லாம் பார்த்துவிட்டோம். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு யாரும் கடலைப் பார்க்கவில்லையே. சந்தை அடைக்கும் வேலைக்கு நம் ஊரில் சொல் இல்லாமலா வத்தையும் வள்ளமும் மிதந்தன? அது கலப்பத்து.

சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வத்தையைக் கரையேற்றிச் சாய்த்து வைத்து, பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை மழுங்கிய உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்குவார்கள். திரி பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கும்போது கிழவனின் தாடி போல் இருக்கும். அப்புறம் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள். தெரு முழுக்க அந்த மணம். தண்ணீரைத் தடுப்பது, இரண்டு பலகைக்கு நடுவே நிற்பது, காய்ந்ததும் கெட்டியாவது: வேலை அதேதான்.

அரபியில் 'கல்ஃபத்த' என்றால் கப்பல் சந்தை அடைப்பது. அந்த வேலை செய்பவனைப் போர்த்துக்கீசியன் 'கலஃபாத்தே' என்பான். எங்கள் முன்னோர் தமிழை அரபு எழுத்தில், அரபுத்தமிழாக, எழுதிய ஊர் இது. சொல் கடல்வழி வந்ததில் எனக்கு வெட்கமில்லை.

தேவிபட்டினத்திலிருந்து, சனி விடியற்காலை

ஐயா, தூக்கம் போய்விட்டது எனக்கு. அது கலம் + பற்று. கலத்தின் பலகைகளைப் பற்றி நிற்பது கலப்பற்று. காற்று காத்தாவது போல, சேற்றுமண் சேத்துமண்ணாவது போல, கலப்பற்று கலப்பத்தாயிற்று. தமிழிலிருந்துதான் அரபிக்காரர்கள் ஏற்றிப் போயிருப்பார்கள். கலத்தல், கலவை, கலப்பு, ஏன் கலப்பைகூட இதே வேர்க் குடும்பம்தான் என்று நிறுவ முடியும். உழும்போது மண் கலக்கிறது அல்லவா...

கீழக்கரையிலிருந்து, சனி காலை

கலப்பையையும் கப்பலில் ஏற்றிவிட்டீர்கள், தம்பி. அல்லாஹ் காப்பாற்றட்டும்.

கலம் + பற்று என்றே இருக்கட்டும். உங்களுக்கும் தமிழ், எனக்கும் கிரவுட் கிடைத்துவிட்டது. ஒப்புக்கொள்ளுங்கள்.

(இது தலைப்புக்கு வெளியே, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய வீட்டின் பின்சுவர் பவளக்கல். சிப்பிச் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்த சாந்து. கல் தேய்ந்து உள்வாங்கிய இடத்திலும் சாந்து வரப்பு போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. 2001 முதல் பவளத்தைத் தொடுவதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், தொடக் கூடாதுதான். ஆனால் அந்தச் சாந்துக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று வாப்பாவிடம் கேட்காமல் விட்டேன்.)

தொண்டிக்காரன், சனி காலை

கீழக்கரைக் காக்கா, சொல் அழகுதான். ஆனால் கலப்பத்தில் பஞ்சு அசைந்து கொடுக்கும். பலகை நீரில் ஊறி உப்பும்போது இறுகும். கிரவுட் அசையாது. அசைகிற இடத்துக்குச் சிலிக்கான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. கலப்பத்து என்ற பெயர் நியாயமாகப் பார்த்தால் அதற்குத்தான் போக வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து, சனி மதியம்

என் அப்பா டைல்ஸ் வேலை செய்யும் கொத்தனார். இந்தக் கடிதங்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் சிரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுத்து நடைக்கு மாற்றித் தருகிறேன்.

'சந்து அடைத்தாயிற்றா என்றுதான் நாங்கள் கேட்போம். அடைப்பதற்கு முன் டைல்ஸ் பசை ஒரு நாள் காய வேண்டும். ரப்பர் கட்டையை மூலைவாட்டமாக இழுக்க வேண்டும். சந்து போகிற போக்கிலேயே இழுத்தால் போட்டதையே தோண்டிக்கொண்டு வந்துவிடும். ஈரப் பஞ்சால் துடைக்கும்போதும் அப்படித்தான். பஞ்சில் தண்ணீர் சொட்டக் கூடாது. சமையல் மேடை சுவரில் முட்டுகிற மூலையில் இதைப் போடவே கூடாது, வெடித்துவிடும். அங்கே தொண்டித் தம்பி சொன்ன சிலிக்கான். பெயர் நீங்கள் எதை வைத்தாலும் சரி, மூலையை மட்டும் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடச் சொல்.'

என் யோசனை: அடைக்கிற சாந்து, அடைசாந்து. அடைமழை, அடைகோழி என்பவை போல.

மண்டபத்திலிருந்து, சனி மாலை

உச்சிப்புளித் தங்கைக்குக் கைகுலுக்கல். எனக்குச் சம்மதம். ஆனால் அடைசாந்தா, அடைச்சாந்தா? ஒற்று மிகுந்தால் தேங்காய்ச் சட்னி தேட வேண்டியிருக்கும்.

தேவிபட்டினத்திலிருந்து, சனி இரவு

மிகாது. அடைத்த, அடைக்கின்ற, அடைக்கும் என மூன்று காலமும் கரந்து நிற்பதால் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: ஊறுகாய், சுடுசோறு. 'அடை' என்பதைப் பெயராகக் கொண்டால்தான் மிகும். அப்போது அது அவியலோடு சாப்பிடும் பொருள்.

புரைதீர்சாந்தை நான் கைவிடவில்லை. சாந்து என்ற பாதி என்னுடையது என்பதால் மட்டும் இதை எதிர்க்காமல் இருக்கிறேன். தொண்டித் தம்பி எப்பாக்ஸி பற்றிக் கவலைப்பட வேண்டாம். அரைத்துக் குழைத்துப் பூசும் சந்தனத்துக்கும் சாந்து என்றே பெயர். அதில் சிமெண்ட் எங்கே இருந்தது?

இராமநாதபுரத்திலிருந்து, ஞாயிறு இரவு

அனைவருக்கும் நன்றி. ஆறு பேரில் நான்கு பேர் 'அடைசாந்து', அவர்களில் ஒருவர் களைத்துப்போய். முதலில் வரும் இடத்தில் 'அடைசாந்து, கடையில் கிரவுட் என்று கேட்கவும்' என்று போட்டிருக்கிறேன். அடைசாந்து கரைக்க நல்ல தண்ணீர் மட்டும் என்று ஒரு வரி, மண்டபம் அக்காவுக்காக. மூலை கொட்டை எழுத்தில். டைல்ஸ் டைல்ஸாகவே இருக்கிறது. தேவிபட்டினம் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டைல்ஸுக்கு நடுவே சந்து சீராக இருக்க வைக்கிற ஸ்பேசருக்கும் ஒரு சொல் கேட்கலாம் என்றிருந்தேன். கேட்கப் பயமாக இருக்கிறது.

உச்சிப்புளியிலிருந்து, ஞாயிறு இரவு

அப்பா தீக்குச்சி வைப்பார். இரண்டு மில்லிமீட்டர் சந்துக்கு அதுவே கணக்கு என்கிறார்.

கீழக்கரையிலிருந்து, திங்கள் காலை

ஃபஜ்ர் தொழுதுவிட்டு எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அடைசாந்து இருக்கட்டும். அடுத்த மாதம் என் வீட்டுக் குளியலறையில் வேலை நடக்கிறது. அங்கே கலப்பத்துதான் போடப்போகிறேன். உச்சிப்புளிக்காரர் வருவாரா என்று அவர் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.