புது மீட்டர் வந்தால் தண்ணீர் பில் எவ்வளவு ஏறும்?

சிங்காநல்லூரான்: கோவையில் பழைய மாநகராட்சி எல்லையின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் 2018-ல் சூயஸ் நிறுவனத்துக்குப் போனது. 26 ஆண்டு ஒப்பந்தம், 3,000 கோடிக்கு மேல். அதில் வீட்டுக்கு வீடு புது மீட்டரும் உண்டு. கட்டணத்தை மாநகராட்சிதான் நிர்ணயிக்கும் என்கிறார்கள். கட்டணம் ஏறாவிட்டாலும் பில் ஏறும் என்பது என் கணக்கு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

குழாய்க்கணக்கு: ஏறும், சந்தேகமே வேண்டாம். பழைய மீட்டர் தேயத் தேய மெதுவாகச் சுற்றும். சம்ப் நிறையும் நேரத்தில் மிதவை வால்வு முக்கால்வாசி மூடி, தண்ணீர் நூல் மாதிரி இறங்கும். தேய்ந்த மீட்டர் அதை எண்ணவே எண்ணாது, புதுசு எண்ணும். நீங்கள் பிடித்த தண்ணீர்தானுங்களே? அப்புறம், பில்லை மட்டும் செலவென்று பார்க்காதீர்கள். மோட்டார், அதற்குக் கரண்ட், குழாய் வராத வாரத்தில் லாரித் தண்ணீர், எல்லாம் உங்கள் காசுதான். தண்ணீர் ஒழுங்காக வந்தால் அதில் பெரும்பங்கு மிச்சம்.

சிங்காநல்லூரான்: அந்த 'வந்தால்' தானுங்க சிக்கல். மீட்டர் முதலில் வந்துவிடுகிறது. விட்டுவிட்டு வரும் குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று புஸ்ஸென்று வரும், அதற்கும் முள் சுற்றும். காற்றுக்கா காசு கட்டுவது? சரி, 24 மணி நேரமும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இன்று இரண்டு மணி நேரம் ஒழுகும் பைப், அன்றைக்கு நாள் முழுக்க ஒழுகும்.

குழாய்க்கணக்கு: காற்றுக்குச் சுற்றுவது சக்கர மீட்டர். ஒலி அலையால் அளக்கும் மீயொலி மீட்டரில் சக்கரம் கிடையாது, குழாய் காலியாக இருந்தால் எண்ணாது. உங்கள் தெருவுக்கு எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். ஒழுகலைக் கண்டுபிடிப்பது சுலபம். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள்ளைக் குறித்து வையுங்கள். காலையில் நகர்ந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

லைன்வீடு: இரண்டு பேரும் தனி வீட்டுக்காரர்கள் என்று தெரிகிறது. எங்கள் லைன் வீட்டில் இணைப்பு ஒன்று, குடும்பம் மூன்று. நகரங்களுக்கு அரசு வழிகாட்டுதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். நாலு பேர் என்றால் மாதம் ஏறக்குறைய 16,000 லிட்டர். கணக்குக்காகப் பெங்களூரில் 2014-ல் வைத்த, பிடிக்கப் பிடிக்க விலை ஏறும் படிக்கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். முதல் 8,000 லிட்டர் வரை ஆயிரத்துக்கு 7 ரூபாய், 25,000 வரை 11, 50,000 வரை 26. தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 144 ரூபாய். மூன்று குடும்பமும் ஒரே மீட்டரில் பிடித்தால் 48,000 லிட்டருக்கு 841, குடும்பத்துக்கு 280. அதே தண்ணீர், ஏறக்குறைய இரண்டு பங்கு காசு. சிக்கனமாக இருங்கள் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

குழாய்க்கணக்கு: கணக்கு சரி. ஆனால் இது மீட்டரின் கோளாறு இல்லை, படி போட்ட விதம். மொத்த லிட்டரைக் குடித்தன எண்ணிக்கையால் வகுத்து, பிறகு படி போட்டால் 144-க்கே வந்துவிடும். அதைக் கேட்டு மனுக் கொடுங்கள், மீட்டரை எதிர்க்காதீர்கள்.

லைன்வீடு: மூன்று குடித்தனம் என்று நிரூபிக்க வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள் அண்ணா. சொத்து வரி ஏறிவிடும் என்ற பயத்தில் எங்கள் வீட்டுக்காரர் எதையும் எழுதித் தருவதில்லை. மோட்டார் கரண்ட் மிச்சம் என்கிறீர்களே, அதுவும் அவர் பில்லில்தான் மிச்சமாகும்.

சிங்காநல்லூரான்: ஆளுக்கொரு மீட்டர் போடச் சொல்லிப் பார்த்தீர்களா?

லைன்வீடு: சொன்னோம். புது இணைப்புக்கான டெபாசிட்டை வாடகையோடு சேர்த்துத் தந்தால் யோசிக்கிறேன் என்றார்.