இரும்பு–பிளாட்டினம் ஹார்ட் டிஸ்க்: சூடாக்கி எழுதிய தரவு நிலைக்குமா?

காப்பகக்காரன் (இழையைத் தொடங்கியவர்):
பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். 30 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா என்று இங்கே பேச்சு நடக்கிறது. இங்கே பார்த்தவை எல்லாம் ‘ஹேமர்’ (HAMR) வகை, அதாவது லேசரால் சூடாக்கி எழுதுபவை. நான் வேண்டாம் என்கிற கட்சி. சூடுபட்டால் காந்தம் தன் குணத்தை இழக்கும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இவர்களோ எழுதும் இடத்தை ஒவ்வொரு முறையும் 400 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிறார்கள். 2012ல் ஹார்ட் டிஸ்க் நிறுவனமான சீகேட் இந்த முறையில் சதுர அங்குலத்துக்கு 1 டெராபிட் எழுதிக் காட்டியது. பெரிய அளவில் சந்தைக்கு வந்ததோ 2024ல். இவ்வளவு காலம் திணறிய ஒன்றை நம்பி ஆவணங்களை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டில் பூசியிருப்பது பிளாட்டினம் கலவை, பயமே வேண்டாம் என்கிறார் விற்பவர். பிளாட்டினம் என்று சொன்னாலே போதுமா?

படிகம்:
பெயர் போதாது, சரிதான். ஆனால் இது வெறுமனே உருக்கிக் கலந்த கலவை அல்ல. இரும்பும் பிளாட்டினமும் எண்ணிக்கையில் பாதிக்குப் பாதி. ஒரு அடுக்கு இரும்பு அணுக்கள், அதன்மேல் ஒரு அடுக்கு பிளாட்டினம், மறுபடி இரும்பு என்று அவரவர் இடத்தில் அமர்ந்த சேர்மம். இதே அணுக்களை அறை வெப்பநிலையில் பூசினால் தாறுமாறாக உட்காரும். காந்தத் திசையைப் பிடித்துவைக்கும் வலு இருக்காது. 600 டிகிரி அளவில் பூசும்போதுதான் அடுக்கு ஒழுங்கு வரும். வழக்கமான அலுமினியத் தட்டு அந்தச் சூட்டைத் தாங்காது, அதனால் கண்ணாடித் தட்டு.

ஒழுங்கு வந்தபின் படிகம் ஒரு பக்கம் லேசாக அமுங்கி நிற்கிறது: அடுக்குகளின் குறுக்கே 3.71 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒன்று), பக்கவாட்டில் 3.85. காந்தத் திசை அந்த அமுங்கிய அச்சை விட்டு அசைய மறுக்கிறது. காந்தம் பெரும்பாலும் இரும்பு தருவது. அதைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடிப்பது பிளாட்டினம்.

இப்போது சூட்டுக்கு வருவோம். 475 டிகிரி பக்கம் போனால் இதன் காந்தத்தன்மை போய்விடும், ஆறினால் திரும்பி வரும். அடுக்கு ஒழுங்கே கலைய வேண்டுமென்றால் 1300 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். லேசர் தொடுவது முதல் எல்லையைத்தான், அதுவும் நானோ வினாடிக் கணக்கில். நீங்கள் சொல்லும் பள்ளிப் பாடம் முதல் எல்லையைப் பற்றியது. பூச்சின் ஆயுள் இரண்டாவதைப் பொறுத்தது.

காப்பகக்காரன்:
கலவை கலையாது என்பதை ஏற்கிறேன். ஆனால் சூடாக்கியே தீர வேண்டிய அவசியம் என்ன? இத்தனை வருடமாகக் கோபால்ட்–குரோமியம்–பிளாட்டினம் தட்டில் சூடு இல்லாமல்தானே எழுதுகிறோம்? அது நன்றாகத்தானே ஓடுகிறது?

படிகம்:
அதன் எல்லை நெருங்கிவிட்டது. அதிகத் தரவை அடைக்கப் பூச்சின் காந்தத் துகள்கள் சிறிதாக வேண்டும். கணக்காகவே பாருங்கள். பக்கத்துக்கு 4 நானோமீட்டர் உள்ள ஒரு காந்தத் துகளை எடுத்துக்கொள்வோம். இரும்பு–பிளாட்டினத்தில் காந்தத் திசையைப் பிடித்துவைக்கும் ஆற்றல் கன மீட்டருக்குச் சுமார் 70 லட்சம் ஜூல். துகளின் கன அளவால் பெருக்கி, அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப ஆற்றலால் வகுத்தால் 108 வருகிறது. கோபால்ட் கலவைக்குக் கன மீட்டருக்கு 3 லட்சம் ஜூல் என்று போட்டால் 5கூட வராது. பத்து வருடம் தரவு நிற்க இந்த விகிதம் 60 அளவில் இருக்க வேண்டும் என்பது துறையில் வழக்கமாக வைத்திருக்கும் அளவுகோல். அதாவது அந்த அளவுள்ள கோபால்ட் துகள் எழுதிய உடனே மறந்துவிடும்.

இரும்பு–பிளாட்டினத்தின் இந்தப் பிடிவாதமே எழுதும்போது தடையாகிறது. அறை வெப்பநிலையில் இதைத் திருப்ப 12 டெஸ்லா அளவுக்குப் புலம் வேண்டும். எழுதும் தலையின் காந்தப்பொருள் தரக்கூடிய உச்சமே ஏறத்தாழ 2.4 டெஸ்லா. மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரம்கூட பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். சூட்டில் பிடி தளரும் அந்தக் கணத்தில் எழுதிவிட்டு ஆறவிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. படிக்கும்போது லேசருக்கு வேலையே கிடையாது. உங்களுடையது ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் வேலை, அதற்கு இது நன்றாகப் பொருந்தும்.

காப்பகக்காரன்:
பூச்சைப் பற்றி நீங்கள் சொன்னது புரிந்தது, கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வாங்குவது பூச்சை மட்டும் இல்லையே, முழு டிஸ்க்கை. லேசர் ஒளியைச் சில பத்து நானோமீட்டருக்குள் குவிக்கும் தங்க முனை ஒவ்வொரு முறை எழுதும்போதும் சூட்டைத் தாங்கி நிற்க வேண்டும். தங்கம் அந்த அளவில் எளிதாக உருமாறும். தட்டின் மேலே இருக்கும் கார்பன் பூச்சும் மசகும் எத்தனை ஆண்டு தாங்கும்? பக்கத்துத் தடமும் சேர்ந்து சூடாகிறது. ஆறு வருடம் ஓடிப் பழசான ஹேமர் டிஸ்க்குகள் எத்தனை கண்டோம்? களத்தில் வயதாகாத பொருளுக்கு ஆய்வகக் கணக்கு உத்தரவாதம் ஆகாது.

படிகம்:
முனைதான் இதில் பலவீனமான இடம், அதில் நமக்குள் சண்டை இல்லை. தங்கத்துக்குப் பதில் ரோடியம், இரிடியம் வைப்பது பற்றிக் காப்புரிமைகள் இருக்கின்றன. ஆனால் முனை தேய்ந்தால் மேற்கொண்டு எழுத முடியாது, அவ்வளவுதான். எழுதி முடித்தது தட்டில் அப்படியே இருக்கும். பக்கத்துத் தடம் சூடாவதும் எழுதும்போது மட்டும்தான். காப்பகத்துக்கு முக்கியம் எது என்று யோசியுங்கள்.

தாமிரபரணி:
நடுவில் வருகிறேன். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஆழத்திலிருந்து தோண்டி எடுக்கிற உலோகத்தைப் பைல் சேமிக்கச் செலவழிக்கலாமா? கார் வினையூக்கிக்கும் எரிபொருள் கலத்துக்கும் பிளாட்டினம் வேண்டுமே.

படிகம்:
நியாயமான கேள்வி. 10 தட்டு, 20 பக்கம், பூச்சு சுமார் 10 நானோமீட்டர். பக்கத்துக்கு 64 சதுர செ.மீ. என்று வைத்தால், துகள்களுக்கு இடையே நிரப்பியிருக்கும் கார்பனைக் கழித்தபின் ஒரு டிஸ்க்குக்கு 10 மில்லிகிராம் அளவில் பிளாட்டினம் வரும். கார் வினையூக்கியில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் கிராம் கணக்கில் இருக்கின்றன. பழைய கோபால்ட் தட்டிலும் பிளாட்டினம் இருந்தது, அடியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த ருத்தேனியமும் உண்டு. 2007 வாக்கில் ருத்தேனியம் விலை எகிறியதில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பெரிய பங்கு.

தாமிரபரணி:
ஒரு டிஸ்க்குக்கு 10 மில்லிகிராம் என்பதால்தான் பெரும்பாலும் யாரும் மீட்பதில்லை. பாதுகாப்பு என்று சொல்லி முழு டிஸ்க்கையும் அரைத்துத் தூளாக்கிவிடுகிறார்கள். கண்ணாடித் தூளோடு கலந்த பிளாட்டினத்தை அப்புறம் யார் பிரிப்பது? லட்சம் டிஸ்க் என்றால் ஒரு கிலோ. விற்கும் நிறுவனங்களே பழைய தட்டைத் திரும்ப வாங்க வேண்டும்.

காப்பகக்காரன்:
அரைக்கும் விதி எங்கள் இடத்திலும் உண்டு. மாற்ற வேண்டும் என்று நானும் எழுதிக் கொடுக்கிறேன். வாங்கும் விஷயத்தில் என் நிலை இதுதான்: ஒரு பிரதி ஹேமரில் போகட்டும், இன்னொன்று டேப்பில் (காந்த நாடாவில்) இருந்தே ஆக வேண்டும். டேப் பட்ஜெட்டை வெட்டித்தான் இதை வாங்குவோம் என்றால் கையெழுத்துப் போட மாட்டேன்.

படிகம்:
டேப்பை வெட்டச் சொல்லி நானும் வாதாட மாட்டேன். ஆனால் ஹேமர் பிரதியைச் சோதனைக்கு என்று மூலையில் வைத்துவிடாதீர்கள். தினசரி எல்லோரும் படிக்கும் பிரதியாக அதையே வையுங்கள்.