கைடு தேர்வு: ஹெச்-இண்டெக்ஸ் 52 இருப்பவரா, 14 இருப்பவரா?

மலர்_பயோகெம்:
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்து ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கிவிட்டேன், பிஎச்.டி.க்கு கைடு தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் சேர்த்துக்கொள்ளத் தயார். ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் ஹெச்-இண்டெக்ஸ் 52, பேப்பர் மட்டும் முந்நூறுக்கு மேல். இன்னொருவர் லேப் ஆரம்பித்து அதிக வருடம் ஆகவில்லை, அவருக்கு 14. வீட்டிலும் கூடப் படித்தவர்களும் 52ஐ விட்டுவிடாதே என்கிறார்கள். எனக்கோ இரண்டாமவரின் வேலைதான் பிடித்திருக்கிறது, காசநோய்க் கிருமி மருந்துக்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பார்க்கிறார். இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நடு_ஆத்தர்:
முதலில் அந்த எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள் மலர். 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. 52 என்றால் ஒவ்வொன்றும் குறைந்தது 52 முறை மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 52 இருக்கின்றன, அவ்வளவுதான். ஆள் ஓய்வு பெற்ற பிறகும் அது ஏறும், சாதாரணமாக இறங்காது. அதனால் முப்பது வருட சர்வீஸ் உள்ளவரையும் புதிதாக லேப் போட்டவரையும் அதை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று, அந்த 52இல் அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்த மாணவர், கடைசிப் பெயர் லேபை நடத்துபவர். நடுவில் இருப்பவர் ஒரு சாம்பிள் கொடுத்தவராகவும் இருக்கலாம், பாதி வேலையைச் செய்தவராகவும் இருக்கலாம், எண்ணுக்கு அது தெரியாது. லான்செட்டில் வரும் ‘குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ்’ பேப்பர்களில் நூற்றுக்கணக்கான ஆத்தர்கள் இருப்பார்கள், பல பேப்பர்களுக்கு மேற்கோள் ஆயிரக்கணக்கில் குவியும், அத்தனை பேர் கணக்கிலும் அது ஏறிவிடும். ரிவ்யூ கட்டுரைகளை, அதாவது மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்பவற்றை, தனியாக எடுத்துவிட்டும் பாருங்கள், அவற்றுக்கு இயல்பாகவே மேற்கோள் அதிகம். அப்புறம் கூகுள் ஸ்காலர் தீசிஸ், ப்ரீபிரிண்ட் (ஜர்னலில் வரும் முன் வெளியிடும் வடிவம்) எல்லாவற்றையும் எண்ணும், தேர்ந்தெடுத்த ஜர்னல்களை எண்ணும் ஸ்கோபஸ் தளத்தில் அதே ஆளுக்கு எண் பெரும்பாலும் குறையும். ஒப்பிட்டால் இருவரையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

புரதம்_அளப்பவன்:
மேற்கோள் எண்ணிக்கை ஒரு பேப்பர் எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் காட்டும், எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்பதை அல்ல. 2014இல் நேச்சர் இதழ் உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 பேப்பர்களைப் பட்டியலிட்டது. முதலிடம் ஆலிவர் லௌரியின் 1951 பேப்பர், புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை, 3 லட்சம் மேற்கோள்களுக்கு மேல். அது அப்படியொன்றும் மகத்தான பேப்பர் இல்லை என்று லௌரியே சொல்லியிருக்கிறார். டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் பேப்பர் அந்த நூறில் இல்லவே இல்லை! சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு ஹார்வர்டு போன எல்லாப்பிரகட சுப்பாராவும் ஃபிஸ்கும் 1925இல் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறையும் இதே வகைதான், லேபில் தினமும் தேவைப்படுவதால் தலைமுறை தலைமுறையாக மேற்கோள் வந்தது.

மறுபக்கம் பயோகெமிஸ்ட் கத்தலின் கரிக்கோவைப் பாருங்கள். எம்.ஆர்.என்.ஏ.வை (புரதம் செய்யும் குறிப்பை செல்லுக்குள் கொண்டுபோகும் மூலக்கூறு) விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார், மானியம் கிடைக்கவில்லை, 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கியது. வெளியிலிருந்து செலுத்தும் எம்.ஆர்.என்.ஏ.வைப் பார்த்ததும் உடலின் தற்காப்பு எகிறிவிடும், அதன் எழுத்துகளில் சிறு வேதி மாற்றம் செய்தால் அது அடங்கும் என்று அவரும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் இம்யூனிட்டி இதழில் எழுதினார்கள். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோவிட் தடுப்பூசிகளுக்கு அதுதான் அடித்தளமானது, 2023இல் நோபல். 2006இல் யாராவது அவருடைய எண்ணை மட்டும் பார்த்து மாணவர் சேர்வதைத் தடுத்திருந்தால் நஷ்டம் அந்த மாணவருக்குத்தான்.

தேன்மொழி_டேட்டா:
கரிக்கோ கதை உண்மைதான், ஆனால் எண் குறைவாக உள்ள எல்லோரும் கரிக்கோ ஆகிவிட மாட்டார்கள், இதைச் சொல்லாமல் விடக் கூடாது. எண்ணே வேண்டாம் என்றால் அந்த இடத்துக்கு வருவது சிபாரிசு. ஆள் பலம் இல்லாத ஊர்க் கல்லூரிப் பெண்ணுக்கு, என் பேப்பரை இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று காட்டுவது ஒரு பிடிமானம். எண்ணைச் சரியாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் பக்கம். அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச். நடத்தும் ஐசைட் என்ற இணையதளம் இலவசம். பப்மெட்டில் (மருத்துவ, உயிரியல் பேப்பர்களின் தேடுதளம்) உள்ள பேப்பருக்கு ஆர்.சி.ஆர். என்று ஒரு அளவு தரும், அதே துறையின் மற்ற பேப்பர்களோடு ஒப்பிட்டு, பேப்பரின் வயதையும் கணக்கில் எடுத்துத்தான். 1.0 என்றால் என்.ஐ.எச். நிதியில் வந்த பேப்பர்களின் நடு மதிப்பு. இருவரின் கடைசி ஐந்து வருடப் பேப்பர்களை அதில் போட்டுப் பாருங்கள் மலர். ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை மட்டும் இதில் கலக்காதீர்கள். அது ஜர்னலில் ஒரு பேப்பருக்கு வரும் மேற்கோளின் சராசரி, ஆளுக்கு மதிப்பெண் இல்லை. ஆளை எடைபோட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆய்வை மதிப்பிடுவது பற்றிய சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம் 2013லேயே கேட்டுக்கொண்டது.

மலர்_பயோகெம்:
எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து பார்த்தேன். 52 சாருக்குக் கடைசிப் பெயராக வந்ததில் பெரும்பாலும் ரிவ்யூ, மற்றவற்றில் நடுப் பெயர். 14 மேடத்தின் பேப்பர்கள் குறைவுதான், ஆனால் எல்லாவற்றிலும் முதல் பெயர் அவருடைய மாணவர்கள், ஐசைட்டில் பாதிக்கு மேல் 1ஐத் தாண்டுகிறது. பயம் ஒன்றுதான், பணம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

நடு_ஆத்தர்:
அதை நேராகவே கேளுங்கள், தப்பில்லை. பணம் தருவது டி.பி.டி.யோ (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) ஐ.சி.எம்.ஆரோ (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), எந்த ப்ராஜெக்ட் எந்த வருடம் வரை ஓடும் என்று கேட்டால் நல்ல கைடு கோபப்பட மாட்டார். உங்கள் ஃபெலோஷிப்பில் உங்கள் சம்பளம் வந்துவிடும், ரீஏஜென்ட் வாங்கத்தான் ப்ராஜெக்ட் பணம் வேண்டும். வெளிவந்த பேப்பர்களைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லும் பப்பியர் தளத்தில் இருவர் பெயரையும் தேடி, படங்களைப் பற்றி யாராவது சந்தேகம் எழுப்பியிருக்கிறார்களா, அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பாருங்கள். அப்புறம் முடித்துப் போன மாணவர் ஒருவர், இடையில் விட்டுப் போனவர் ஒருவர், இரண்டு பேரிடமும் போனில் பேசுங்கள். விட்டுப் போனவரிடம் கட்டாயம் பேசுங்கள்.